பசுமைச் சான்றிதழ் வந்துவிட்டது, மின்கட்டணம் மட்டும் இறங்கவில்லை: கமிஷனிங்கை யார், எப்போது செய்ய வேண்டும்?

பதிவு 1: ஆறுமாடி

அனைவருக்கும் வணக்கம். சென்னை பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஓர் அறக்கட்டளைக்காக ஆறு மாடி அலுவலகக் கட்டடம் கட்டி முடித்திருக்கிறோம். உரிமையாளர் தரப்பில் திட்ட நிர்வாகம் என் பொறுப்பு. குளிரூட்டிய பரப்பு 9,000 சதுர மீட்டர். நீரைக் குளிர்விக்கும் சில்லர் மூன்று, ஒவ்வொன்றும் 175 டன் குளிரூட்டும் திறன்; இரண்டு ஓடும், ஒன்று மாற்றுக்கு. அந்தக் குளிர்ந்த நீரால் காற்றைக் குளிர்வித்துத் தளங்களுக்கு அனுப்பும் ஏ.எச்.யு. பதினான்கு. எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்கவும் இயக்கவும் பி.எம்.எஸ். என்ற கணினி அமைப்பு வைத்திருக்கிறோம்.

வடிவமைப்புக் காலத்தில் ஆலோசகர் கொடுத்த கணினிக் கணிப்பு, சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 95 யூனிட். குடியேறிய பிறகு வந்த ஓராண்டு பில்களைக் கூட்டினால் 13.5 லட்சம் யூனிட் வருகிறது. அதாவது 150. பசுமைச் சான்றிதழ் உயர்ந்த தரத்திலேயே கிடைத்துவிட்டது. வரவேற்பறைச் சுவரில் பித்தளைப் பலகையாகப் பளபளக்கிறது. அந்தப் பலகை மாதம் எத்தனை யூனிட் சேமிக்கிறது என்று அறங்காவலர் ஒருவர் போன கூட்டத்தில் கேட்டுவிட்டார்.

ஏ.சி. ஒப்பந்ததாரரிடம் கேட்டால், "கமிஷனிங் (எல்லாவற்றையும் ஓட்டிச் சோதித்துச் சரிசெய்யும் வேலை) செய்து கையெழுத்து வாங்கித்தான் ஒப்படைத்தோம், கோப்பைப் பாருங்கள்" என்கிறார். கோப்பு உண்மையிலேயே இருக்கிறது, நான்கு தடித்த தொகுதிகள். அவருடைய ஐந்து சதவீத நிறுத்தி வைப்புத் தொகையை இரண்டு மாதத்தில் விடுவிக்க வேண்டும்.

கோளாறு எங்கே இருக்கும், எங்கிருந்து தேடத் தொடங்குவது? அந்தப் பணத்தை நிறுத்தி வைக்க எனக்கு உரிமை உண்டா? அடுத்த கட்டடம் கோவையில் வருகிறது. அதில் இது நேராமல் ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது?

பதிவு 2: ஈரக்குமிழ்

ஆறுமாடி சார், நான்கு தொகுதிகளையும் படிக்க வேண்டாம். காற்றளவு அட்டவணை உள்ள பக்கத்தை மட்டும் திறந்து பாருங்கள். பதினான்கு ஏ.எச்.யு.வும் வரைபடத்து எண்ணுக்கு 98 முதல் 102 சதவீதத்துக்குள் நிற்கின்றனவா? நின்றால் அவை மேசையில் உட்கார்ந்து எழுதிய எண்கள். களத்தில் அளந்தால் ஒன்று 91 காட்டும், இன்னொன்று 113 காட்டும். டேம்பரை (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகட்டை) திருப்பித் திருப்பி பத்து சதவீத வரம்புக்குள் கொண்டுவருவதற்கே நாக்குத் தள்ளிவிடும்.

நம் ஊரில் மெஷினை முதன்முதலாக ஓட்டிக் காட்டுவதையே கமிஷனிங் என்று எழுதிக்கொள்கிறோம். சில்லர் நிறுவனத்து ஆள் வருவார், ஓட்டுவார், குளிர்ந்த நீர் 7 டிகிரிக்கு வந்ததும் படம் எடுத்துக்கொண்டு கிளம்புவார். அந்தச் சில்லர் பழுதில்லாமல் ஓடும் என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி. சில்லர், பம்பு, வால்வு, டேம்பர், சென்சார் எல்லாம் சேர்ந்து ஒரே அமைப்பாக வேலை செய்கின்றனவா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் கைட்லைன் 0 என்ற வழிகாட்டி சொல்லும் கமிஷனிங் வடிவமைப்புக்கும் முன்னால் தொடங்கிவிடுகிறது. உரிமையாளருக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் எழுத்தில் வைக்க வேண்டும். பிறகு வடிவமைப்பும், சைட்டுக்கு வரும் பொருளும், ஓடும் கட்டடமும் அந்த எழுத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

இப்போதைக்கு எனக்கு நான்கு எண்கள் போதும். வெயில் ஏறிய நாளில் பிற்பகல் 3 மணிக்குச் சில்லரிலிருந்து போகும் நீரின் வெப்பநிலை, திரும்பி வரும் நீரின் வெப்பநிலை, நீரோட்டம், பம்புகள் எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகின்றன (50 என்றால் முழு வேகம்). பி.எம்.எஸ். திரையைப் படமெடுத்து அனுப்பாதீர்கள். சில்லர் பேனலிலும் குழாயில் உள்ள தெர்மாமீட்டரிலும் நேரில் பார்த்து எழுதுங்கள்.

பதிவு 3: வரவுசெலவு

கணக்குப் பிரிவிலிருந்து ஒரு குரல். வித்தியாசம் சுமார் 5 லட்சம் யூனிட். யூனிட் 9 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 45 லட்சம் ரூபாய். கமிஷனிங் முகவர் ஒருவரைத் தனியாக நியமித்திருந்தால் அவருடைய முழுக் கட்டணமும் இதற்குள் அடங்கியிருக்கும் என்று அடித்துச் சொல்வேன்.

அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 643 கட்டடங்களின் கமிஷனிங் விவரங்களைத் தொகுத்து 2009இல் வெளியிட்டது. பழைய கட்டடங்களில் இடைநிலைச் சேமிப்பு 16 சதவீதம். போட்ட பணம் 1.1 ஆண்டில் திரும்பிவிட்டது. புதிய கட்டடங்களில் 13 சதவீதம், திரும்ப 4.2 ஆண்டு. அவர்கள் கண்டெடுத்த குறைகள் பத்தாயிரத்துக்கும் மேல். அங்கத்துச் சம்பளமும் மின்கட்டணமும் வேறு. ரூபாய் கணக்கை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாதுதான். ஆனால் பொறியாளர் நிறைந்த ஊரிலேயே குறைகள் இத்தனை என்றால், டெண்டரில் கடைசி ரூபாய் வரை பேரம் பேசும் நம் ஊரில் கேட்கவே வேண்டாம்.

பதிவு 4: வடக்குச்சன்னல்

நான் கட்டடக் கலைஞர். ஏ.சி.க்காரர்கள் சண்டைக்குப் போகும் முன் அந்த 95 என்ற எண்ணையே கொஞ்சம் விசாரித்துக்கொள்ளலாம். சான்றிதழுக்காகச் செய்யும் கணிப்பு, உங்கள் கட்டடத்தை அதே அளவுள்ள ஒரு கற்பனைக் கட்டடத்தோடு ஒப்பிட்டு எத்தனை சதவீதம் மேல் என்று காட்டுவதற்காகச் செய்யப்படுவது. காலை 9 முதல் மாலை 6 வரை, வாரம் ஐந்து நாள், இத்தனை பேர், மேசைக்கு இத்தனை வாட் என்று சில அனுமானங்கள் உள்ளே இருக்கும். உங்கள் பில் அவற்றைப் படித்துவிட்டு வருவதில்லை. உங்கள் கட்டடம் உண்மையில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது?

இன்னொன்று, கண்ணாடி. மின்சிக்கனக் கட்டடச் சட்டக்கோவையின் 2017 பதிப்பு, நம் போன்ற வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிக்கு, கண்ணாடி வழியாக வரும் வெயில் வெப்பத்தின் கெழு 0.27ஐத் தாண்டக் கூடாது என்கிறது. வடக்குப் பார்த்த கண்ணாடிக்குச் சலுகை உண்டு. ஆனால் அது 15 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களுக்குத்தான். சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால் வடக்குச் சுவரும் வெயில் வாங்கும். டெல்லியில் வரைந்த விவரக்குறிப்பை அப்படியே இங்கே ஒட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். போதாக்குறைக்கு விலைப்பட்டியலில் "அல்லது அதற்குச் சமமான தரம்" என்றொரு வரி இருக்கும். அந்த வரிக்குள் ஒரு லாரி கண்ணாடியே நுழைந்துவிடும். சைட்டில் இறங்கிய கண்ணாடியின் லேபிளை யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா?

பதிவு 5: ஆறுமாடி

கண்ணாடி லேபிள்கள் என் அலுவலக அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன, எல்லாமே 0.25, கையொப்பத்துடன். அந்தப் பக்கம் கவலை இல்லை.

நேரத்தைப் பற்றிக் கேட்டது சரியான இடத்தில் விழுந்தது. இரண்டாம் தளம், சுமார் 1,500 சதுர மீட்டர், இரவுப் பணி நிறுவனம் ஒன்றுக்கு வாடகைக்குப் போய்விட்டது. இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. வடிவமைப்பின்போது அது பயிற்சிக்கூடம் என்று இருந்தது.

ஈரக்குமிழ் கேட்ட எண்கள், நேற்று 3 மணிக்கு: போகும் நீர் 7.1, திரும்பும் நீர் 9.9, நீரோட்டம் வினாடிக்கு 64 லிட்டர். பம்பு இரண்டு ஓடுகிறது, இரண்டும் 50 ஹெர்ட்ஸ். சில்லர் இரண்டு. காற்றளவு அட்டவணையையும் பார்த்தேன். எல்லாம் 99க்கும் 101க்கும் நடுவில் நிற்கின்றன. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பதிவு 6: ஈரக்குமிழ்

கணக்கு இதோ. 64 லிட்டரை நீரின் வெப்ப ஏற்புத்திறனான 4.19ஆலும், போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் உள்ள வித்தியாசமான 2.8ஆலும் பெருக்கினால் 750 கிலோவாட் குளிர்ச்சி. ஒரு டன் என்பது 3.517 கிலோவாட்; அதால் வகுத்தால் 213 டன். இந்தச் சுமைக்கு இரண்டு சில்லர் ஓடுவதில் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் நீர் போகும்போதும் திரும்பும்போதும் 5.5 டிகிரி வித்தியாசம் இருக்கும் என்று வைத்துத்தானே வடிவமைத்திருப்பார்கள்? அந்த வித்தியாசம் கிடைத்தால் இதே 213 டன்னுக்கு வினாடிக்கு 33 லிட்டர் போதும். இருமடங்கு நீரைச் சும்மா சுற்ற விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பம்பின் மின்தேவை வேகத்தின் மும்மடிக்கேற்ப மாறும் என்பது பாடப்புத்தக விதி. வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்கு. கடைசித் தளத்துக்கு ஒரு குறைந்தபட்ச அழுத்தம் தர வேண்டியிருப்பதால் நடைமுறையில் அந்த அளவுக்கு இறங்காது. பாதிக்கும் கீழே கட்டாயம் இறங்கும்.

நீர் குளிர்ச்சியைக் கொடுக்காமலே திரும்பி வருகிறது. நான் தேடும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் ஏ.எச்.யு. வால்வுகள். பி.எம்.எஸ். திரையில் 40 சதவீதம் என்று காட்டும்; வால்வின் தண்டு முழுதாகத் திறந்து நிற்கும். காரணம், குழாய் கழுவும்போது கையால் திறக்க மோட்டாரின் கிளட்சை விடுவித்தவர் திரும்பப் போடாமல் போயிருப்பார். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஒருவர் கணினி முன்னால் உட்கார்ந்து 0, 50, 100 என்று கட்டளை கொடுக்கட்டும். இன்னொருவர் ஏ.எச்.யு. அறையில் தண்டின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, கோடு நகர்கிறதா என்று பார்த்துத் தொலைபேசியில் சொல்லட்டும். டேம்பருக்கும் இதுவே. அங்கே இன்னொரு வேடிக்கையும் உண்டு: மோட்டார் சுற்றும், தண்டும் சுற்றும், ஆனால் தண்டைப் பிடிக்கும் திருகு தளர்ந்திருப்பதால் உள்ளே தகடு அசையாது. ஆய்வுக் கதவைத் திறந்து டார்ச் அடித்துத் தகட்டையே பாருங்கள்.

அடுத்து, பம்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் அழுத்த வேறுபாட்டு சென்சார். அது ஆறாம் மாடிக் கடைசி ஏ.எச்.யு.வுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வயர் மிச்சம் பிடிக்க அதைப் பம்பு அறையிலேயே மாட்டிவிடுவார்கள். அங்கே மாட்டினால் பம்பு வேகத்தைக் குறைக்கவே குறைக்காது.

மூன்றாவது, நீரை ஏ.எச்.யு.க்குப் போகாமலே திருப்பிவிடும் குறுக்குக் குழாயில் உள்ள பைபாஸ் வால்வு. அந்தக் குழாயைத் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் நீர் அந்த வழியாகவே சில்லருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது.

பதிவு 7: ஒப்பந்தக்காரன்

படித்துக்கொண்டே வருகிறேன். எல்லாப் பாவமும் ஏ.சி. ஒப்பந்ததாரர் தலையில்தான் விழும்போலிருக்கிறது. எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

நிரந்தர மின் இணைப்பு திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்னால்தான் வரும். அதுவரை டி.ஜி.யில் (டீசல் ஜெனரேட்டரில்) ஒரு சில்லரை ஓட்டுவதே பெரும்பாடு. டீசல் யார் கணக்கு என்று அதற்கும் ஒரு சண்டை. கட்டடத்தில் ஆள் இல்லை, கணினி இல்லை, ஃபால்ஸ் சீலிங் பாதி இல்லை. சுமையே இல்லாத இடத்தில் காற்றளவையும் நீரளவையும் எதை வைத்துச் சமன் செய்வது? விழாத் தேதி மட்டும் அமைச்சர் வருகிறார் என்று முடிவாகிவிடும். சிவில் வேலை நான்கு மாதம் தாமதமானால் அந்த நான்கு மாதத்தை எங்கள் கமிஷனிங் காலத்திலிருந்து வெட்டுவார்கள். கட்டுமான அட்டவணையில் கடைசி வரிசையில் நிற்பவன் நான்தான்.

நான் சமன் செய்துவிட்டு வந்த பிறகு உள்அலங்காரக்காரர்கள் வந்து காற்று வெளிவரும் டிஃப்யூசர்களை இடம் மாற்றுவார்கள், காற்று போகும் டக்டை அறுப்பார்கள். ஓராண்டு கழித்து காற்றளவு சரியில்லை என்று என்னைக் கூப்பிட்டால் என்ன நியாயம்? விலைப்பட்டியலில் சோதனை, சமன்செய்தல், கமிஷனிங் எல்லாம் சேர்த்து ஒரே வரி, ஒரே தொகை. அந்த வரியை எவ்வளவு கீழே இறக்குகிறேன் என்பதை வைத்துத்தான் எனக்கு வேலையே கிடைக்கிறது. 99க்கும் 101க்கும் இடையில் நிற்கும் அட்டவணையை நான் நியாயப்படுத்த மாட்டேன். அதற்குக் கையெழுத்துப் போட்ட ஆலோசகர் எங்கே இருந்தார் என்று மட்டும் கேட்கிறேன்.

பதிவு 8: பிளான்ட்ரூம்

ஐயா, நான் இயந்திர அறையில் ஷிப்ட் பார்க்கிறவன். வேறு கட்டடம், ஆனால் கதை இதுதான். எல்லோரும் பேசிவிட்டீர்கள், ஓட்டுகிறவனை யாரும் கேட்கவில்லை.

பம்பு 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்றால் பம்பின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி.யில் கை முறைக்கு மாற்றியது என்னைப் போன்ற ஒருவனாகத்தான் இருக்கும். ஏன் மாற்றுகிறோம் என்று சொல்கிறேன். காலை 9.10க்கு மேலதிகாரி அறையிலிருந்து தொலைபேசி வரும், ஏ.சி. வரவில்லை என்று. தானியங்கி அட்டவணை 8.45க்குத்தான் தொடங்குகிறது. திங்கட்கிழமை, இரண்டு நாள் வெயில் வாங்கிய கட்டடம், இருபத்தைந்து நிமிடத்தில் குளிராது. அட்டவணையை மாற்றலாம் என்றால் பி.எம்.எஸ். கடவுச்சொல் எங்களிடம் இல்லை. நிறுவனத்து ஆள் வர வேண்டும், வருகைக் கட்டணம் உண்டு. கைமுறைக்குத் திருப்பினால் தொலைபேசி நின்றுவிடுகிறது. திரும்பத் தானியங்கிக்கு மாற்றச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை.

பயிற்சி கொடுத்தோம் என்று கோப்பில் எங்கள் கையெழுத்து இருக்கும். அரை மணி நேரம், ஆங்கிலத்தில் திரைக்காட்சி, கடைசியில் குழுப் படம். அன்று பயிற்சிக்கு உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் இப்போது அந்தக் கட்டடத்தில் இல்லை. பராமரிப்பு நிறுவனம் சம்பளம் ஏற்றித் தராது, ஆள் மாறிக்கொண்டே இருப்பான். எங்களுக்கு வேண்டியது பேனல் கதவில் ஒட்டிய ஒரே ஒரு தாள், தமிழில். காலையில் எதை எந்த வரிசையில் பார்ப்பது, எந்த எண் எந்த எல்லையைத் தாண்டினால் யாரைக் கூப்பிடுவது. அவ்வளவுதான்.

ஆறுமாடி ஐயா, சில்லரின் வெப்பத்தை வெளியே விடும் கூலிங் டவருக்கு எந்தத் தண்ணீர் போகிறது? போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா? கண்டென்சரில் (சில்லர் தன் வெப்பத்தை அந்தத் தண்ணீருக்குக் கொடுக்கும் பகுதியில்) வாயு திரவமாகும் வெப்பநிலைக்கும் வெளியேறும் நீரின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சில்லர் திரையில் பாருங்கள். புதிதில் ஒன்று, இரண்டு டிகிரி இருந்திருக்கும். இப்போது நான்கு, ஐந்து என்றால் குழாய்க்குள் உப்புப் படிந்துவிட்டது. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்துப் போர் தண்ணீர் என்றால் சந்தேகமே வேண்டாம்.

பதிவு 9: சிங்கை_அளவி

சிங்கப்பூரில் பதினைந்து ஆண்டுக்கு மேலாகச் சில்லர் அளவீட்டு வேலை. பிளான்ட்ரூம் தம்பி சொன்னதை இங்கேயும் கேட்டிருக்கிறேன், மொழிதான் வேறு.

இங்கே கிரீன் மார்க் என்ற பசுமைத் தரச்சான்று 2005இல் வந்தது. எனக்குப் பிடித்த விதி, அளவீட்டுக் கருவிகளை நிரந்தரமாகப் பதித்துவிட வேண்டும் என்பதுதான். காந்த ஓட்டமானி, நுட்பமான வெப்பநிலை சென்சார்கள், மின்மானி எல்லாம் குழாயிலேயே இருக்கும். கருவிகள் பொய் சொல்கின்றனவா என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கும் உண்டு. கட்டடத்திலிருந்து சில்லர் எடுத்த வெப்பமும், சில்லர் தின்ற மின்சாரமும் கூடினால், கூலிங் டவரில் வெளியே போன வெப்பத்துக்குச் சமமாக வர வேண்டும். பதிவான அளவீடுகளில் எண்பது சதவீதமாவது ஐந்து சதவீதப் பிழைக்குள் நிற்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து எண் எழுதுகிறவனுக்கு இது பெரிய தொல்லை. மூன்று எண்ணையும் நிமிடத்துக்கு நிமிடம் பொருத்தமாகப் புனைவதைவிட நேர்மையாக அளந்துவிடுவது சுலபம்.

திறந்ததோடு முடிவதில்லை. பெரிய கட்டடங்களின் குளிரூட்டும் அமைப்பை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்யச் சட்டமே இருக்கிறது. அதனால் உரிமையாளர் கோப்பைப் பார்ப்பதில்லை, "டன்னுக்கு எத்தனை கிலோவாட்" என்று ஒரே கேள்வி கேட்கிறார். கோவைக் கட்டடத்துக்கு இந்த ஒரு எண்ணையும், அதை அளக்கும் கருவிகளையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கருவிச் செலவைப் பார்த்துவிட்டு மதிப்புப் பொறியியல் என்ற பெயரில் நடக்கும் செலவுக் குறைப்புக் கூட்டத்தில் முதலில் வெட்டச் சொல்வார்கள். விடாதீர்கள்.

பதிவு 10: சூரியக்கூரை

மாடியில் சோலார் போட்டுவிட்டால் இந்தத் தலைவலியெல்லாம் தீர்ந்துவிடுமே? டெல்லியில் இந்திரா பர்யாவரண் பவன் 930 கிலோவாட் சோலாருடன் நிகரச் சுழியமாக (ஆண்டுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்து) இயங்கும்படி 2014இல் திறக்கப்பட்டதே.

பதிவு 11: வடக்குச்சன்னல்

அந்தக் கட்டடத்தில் முதலில் தேவையைக் குறைத்தார்கள், பிறகுதான் சோலார் கணக்கு. சூரியக்கூரை சொல்வதுபோல் செய்தால் திறந்து கிடக்கும் பைபாஸ் வால்வுக்குச் சூரிய மின்சாரம் ஊட்டுவதாக முடியும்.

இரண்டாம் தள விஷயத்துக்கு வருகிறேன். பயன்பாடு மாறினால் பழைய கணிப்பும் பழைய சான்றிதழும் வேறொரு கட்டடத்துக்கு உரியவையாகிவிடுகின்றன. ஓமந்தூரார் வளாகத்தை நினைத்துப் பாருங்கள். 2010இல் சட்டமன்றக் கட்டடமாகத் திறந்தார்கள், பசுமைத் தரச்சான்றும் பெற்றது. 2014இல் அதுவே பல்நோக்கு மருத்துவமனை ஆயிற்று. கூட்டம் நடக்கும் நாளில் மட்டும் நிரம்பும் அவைக்குப் போட்ட கணக்கு, இரவும் பகலும் இயங்கும் அறுவைக்கூடத்துக்கு எப்படிப் பொருந்தும்? அரசியலுக்குள் நான் போகவில்லை. ஆறுமாடி, ஆலோசகரிடம் இரண்டாம் தளத்தை 24 மணி நேரமாக மாற்றிக் கணிப்பை மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். எந்த எண்ணோடு சண்டை போடுகிறோம் என்பது முதலில் தெரிய வேண்டும்.

பதிவு 12: நெறியாளர்

சோலார், நிகர அளவீட்டு மின்மானி பற்றிய பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே கமிஷனிங் மட்டும்.

பதிவு 13: ஆறுமாடி

சில வாரம் கழித்து வருகிறேன். ஈரக்குமிழ் சொன்ன வரிசையிலேயே போனோம், இரண்டு பேர், ஒரு மார்க்கர், ஒரு டார்ச்.

பதினான்கில் ஐந்து வால்வுகள் கட்டளைக்கு அசையவே இல்லை. நான்கில் கிளட்ச் விடுபட்டிருந்தது. ஒன்றில் மோட்டாருக்கு வயரே வரவில்லை, ஆனால் திரையில் 35 சதவீதம் என்று அழகாகக் காட்டிக்கொண்டிருந்தது. திரை காட்டுவது கட்டளையை மட்டும்தான், வால்வின் நிலையை இல்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று. அழுத்த வேறுபாட்டு சென்சார் பம்பு அறைச் சுவரில். வரைபடத்தில் ஆறாம் மாடி. பைபாஸ் குழாயைத் தொட்டேன், கை சில்லிட்டது. வால்வு பாதியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

புதுக்காற்று டேம்பர்கள் எல்லாம் முழுக்கத் திறந்திருந்தன. ஆள் கூட்டத்துக்கேற்ப அவற்றை இயக்க வேண்டிய கரியமில வாயு சென்சார்களை இரண்டு தளங்களில் உள்அலங்காரக்காரர்கள் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தள்ளி மூடிவிட்டார்கள். இதில் ஒப்பந்தக்காரன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இந்தக் குறையை ஏ.சி.க்காரர் மேல் நான் எழுதவில்லை.

கண்டென்சர் வித்தியாசம் 4.3 டிகிரி. பிளான்ட்ரூம் தம்பிக்கு நன்றி, குழாய்களைத் துலக்க ஆள் வந்துகொண்டிருக்கிறது.

ஆலோசகர் மறுபடி ஓட்டியதில் 95 என்பது 114 ஆனது. ஆக, உண்மையான இடைவெளி 114க்கும் 150க்கும்; ஆண்டுக்குச் சுமார் 3.2 லட்சம் யூனிட். அறங்காவலரிடம் இந்தக் கணக்கையே வைத்தேன்.

வால்வுகளையும் சென்சாரையும் சரிசெய்த பிறகு பிற்பகல் 3 மணி நிலவரம்: திரும்பும் நீருக்கும் போகும் நீருக்கும் வித்தியாசம் 4.6. பம்பு 36 ஹெர்ட்ஸ். இந்த மாத பில் குறைந்திருக்கிறது. ஆனால் வெயிலும் குறைந்திருப்பதால் அதை வைத்து எதுவும் பேச மாட்டேன்.

இப்போது பணம். ஒப்பந்தத்தில் "கமிஷனிங் முடித்து ஒப்படைக்க வேண்டும்" என்று ஒரே வரி. என்ன செய்யலாம்?

பதிவு 14: ஈரக்குமிழ்

ஒற்றை வரியை வைத்து முழுத் தொகையையும் முடக்கினால் வழக்கில் போய் நிற்கும். அவரும் சர்வீசுக்கு வருவதை நிறுத்திவிடுவார், நஷ்டம் உங்களுக்குத்தான். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியவில்லை அல்லவா? அதற்குள் எழுத்தில் கொடுத்த குறைகளைச் சரிசெய்வது அவர் கடமை. வயரில்லாத மோட்டாரும், இடம் மாறிய சென்சாரும், மாட்டிக்கொண்ட பைபாஸும் அந்தப் பட்டியலில் சந்தேகமில்லாமல் வரும். படத்தோடு, தேதியோடு எழுதிக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை வைத்து, சரிசெய்யச் சரிசெய்ய விடுவியுங்கள். காற்றளவுச் சமன்செய்தலைத் திரும்பச் செய்வதில் உள்அலங்காரக்காரர் கெடுத்த தளங்களுக்கு நீங்கள் பணம் கொடுங்கள்.

கோவைக்கு நான் எழுதச் சொல்வது: கமிஷனிங் முகவர் உரிமையாளரிடம் சம்பளம் வாங்க வேண்டும், பிரதான ஒப்பந்ததாரரிடம் வாங்கக் கூடாது. வடிவமைப்பு வரைபடத்தைப் பார்க்கும் கட்டத்திலேயே உள்ளே வர வேண்டும். விலைப்பட்டியலில் சமன்செய்தல், செயல்சோதனை, பயிற்சி மூன்றும் தனித்தனி வரியாக, தனித்தனித் தொகையாக வர வேண்டும். அந்த மூன்றிலும் தள்ளுபடி கேட்பதில்லை என்று டெண்டரிலேயே சொல்லிவிடுங்கள். திறப்பு விழாத் தேதி நகர்ந்தால் சோதனைக் காலமும் சேர்ந்து நகரும் என்று ஒரு விதி. குடியேறிய பத்தாவது மாதத்தில் முகவர் திரும்ப வந்து பார்க்க வேண்டும் என்று ஒரு விதி. சர்வதேசத் தரச்சான்றுகளின் மேம்பட்ட கமிஷனிங்கில் இது ஏற்கெனவே இருக்கிறது. நிறுத்தி வைப்புத் தொகையில் ஒரு பகுதியைப் பருவச் சோதனையோடு கட்டிப்போடுங்கள்.

பருவம் என்றதும் எல்லோரும் கத்திரி வெயிலையே நினைக்கிறார்கள். சென்னைக் கட்டடத்துக்கு அதைவிடக் கடினமான தேர்வு ஐப்பசி, கார்த்திகை மழை. வெளியே 25 டிகிரிதான் இருக்கும், ஈரப்பதம் மட்டும் தொண்ணூறைத் தொடும். அறை சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் வால்வு மூடிக்கொள்ளும், ஏ.எச்.யு.வுக்குள் குளிர்நீர் ஓடும் சுருள் (காயில்) சூடாகும், ஈரம் பிழியப்படாமல் அப்படியே அறைக்குள் வரும். வெப்பநிலை 24 என்று திரை காட்டும், ஈரப்பதம் 70. கோப்புகள் நமுத்துப்போகும், ஒரு மக்கிய வாடை வரும். புழுங்குகிறது என்று ஊழியர்கள் புகார் சொல்ல, இயக்குபவர் 21க்கு இறக்குவார். அப்புறம் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், மீட்டர் ஓடும்.

பதிவு 15: ஒப்பந்தக்காரன்

ஈரக்குமிழ் சொன்ன தனித்தனி வரி முறைக்கு நான் இரண்டு கையையும் தூக்குகிறேன். அந்தத் தொகையில் தள்ளுபடி கிடையாது என்று ஒரு டெண்டராவது வரட்டும், என் சொந்தச் செலவில் மார்க்கர் வாங்கி வருகிறேன். பருவச் சோதனையோடு பணத்தைக் கட்டுவதில் மட்டும் ஒரு நிபந்தனை: அன்று கட்டடத்தில் ஆள் நிரம்பியிருப்பது உங்கள் பொறுப்பு. காலி மாடியைக் காட்டிச் சோதனை தள்ளிப்போகிறது என்று என் பணத்தை இன்னோர் ஆண்டு இழுக்கக் கூடாது.

பதிவு 16: ஆறுமாடி

நியாயமான நிபந்தனை, கோவை ஒப்பந்த வரைவில் சேர்த்துவிட்டேன். இங்கே ஐந்து சதவீதத்தில் மூன்றைக் குறைகள் தீர்ந்ததும் விடுவிப்பது, இரண்டை நவம்பர்ச் சோதனைக்குப் பிறகு விடுவிப்பது என்று ஒப்பந்ததாரரோடு கையெழுத்தாகிவிட்டது. முதலில் குதித்தார். வயரில்லாத மோட்டாரின் படத்தைக் காட்டியதும் உட்கார்ந்து பேசினார்.

நவம்பரில் எதையெதை அளப்பது என்று யாராவது எழுதுங்கள்.

பதிவு 17: ஈரக்குமிழ்

ஒவ்வொரு தளத்திலும் அறை ஈரப்பதம், காயிலைத் தாண்டி வரும் காற்றின் வெப்பநிலை, வால்வு நிலை, புதுக்காற்று டேம்பர் நிலை. கால் மணிக்கு ஒருமுறை, தொடர்ந்து இரண்டு வாரம், அதில் மழை நாளும் மழையில்லாத நாளும் இருக்கட்டும். கையடக்க ஈரமானி ஒன்று வாங்கி பி.எம்.எஸ். சென்சாரோடு முதல் நாளே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஈரப்பத சென்சார்கள் ஓராண்டிலேயே விலகத் தொடங்கும்.

பதிவு 18: பிளான்ட்ரூம்

இன்னொன்றும் சேருங்கள் ஐயா. இரவு ஏ.எச்.யு. நின்றதும் புதுக்காற்று டேம்பர் மூடுகிறதா என்று நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். மூடாவிட்டால் மழை ஈரமெல்லாம் இரவு முழுக்க உள்ளே இறங்கிவிடும். காலையில் எந்த சென்சார் எதைக் காட்டினாலும் முதல் இரண்டு மணி நேரம் நீங்கள் பிழிவது அந்தத் தண்ணீரைத்தான். இரண்டாம் தளம் இரவிலும் ஓடுவதால் அதன் டேம்பரைத் தனி அட்டவணையில் போடச் சொல்லுங்கள். பி.எம்.எஸ். கடவுச்சொல்லையும் அன்றைக்கே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.